கீறல் விழுந்த பக்கிளும் சென்னியப்பண்ணனும்

முதலில் ஓர் அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பட்டறை சென்னியப்பண்ணன் போய்ச் சேர்ந்த செய்தியை அவர் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, ஏதோ சாம்பிளுக்கு ஒப்புதல் கேட்கிறான் என்று நினைத்து, படிக்காமலேயே ‘ஓகே, ப்ரொசீட்’ என்று பதில் போட்டுவிட்டேன். பனியன் கம்பெனி நடத்துகிறவன் விரல் தானாக அடிக்கும் வார்த்தை அது. எழவு வீட்டில் தலை நிமிராமல் நின்றேன். மகன் என் கையைப் பிடித்து, “அப்பா இருந்தா சிரிச்சிருப்பாருங்ணா” என்றான். உங்களுக்குத் தெரியும், சிரித்திருக்க மாட்டார்.

நல்லூரில் அவர் பட்டறையில் கொக்கியும் பெல்ட் பக்கிளும் வாங்காதவர் நம் பனியன்காரர்களில் குறைவு. ஒருமுறை ஒரு கம்பெனி மூட்டை நிறையப் பக்கிளைத் திருப்பி அனுப்பி, துருப்பிடிக்கிறது என்று சண்டைக்கு வந்தது. அண்ணன் மூட்டையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக விரலால் தடவி, இரண்டு குவியலாகப் பிரித்தார். “இது என்னுது. அது வேற யாரோடதோ. அடிச்சவனுக்கு அவஞ் சரக்கு தெரியுமுங்க” என்றார். துருப்பிடித்ததெல்லாம் இரண்டாவது குவியலில் இருந்தது. வந்தவர்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

அந்த விரலை நம்பித்தான் மூன்று வருஷத்துக்கு முன் அவரை அவிநாசிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு அழைத்தேன். புது ஷெட்டுக்கு ஜேசிபி விட்டுத் தோண்டியபோது பச்சை பூத்த பித்தளைப் பக்கிள் ஒன்று கிடைத்திருந்தது. அதற்குள் நான் அதற்குச் சந்தனம் பூசி, குலதெய்வக் கோயிலில் பூசை போட்டு, தோட்டத்து ஆபீசில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, “எங்க முப்பாட்டன் படைத்தளபதி” என்று சரக்கு வாங்க வருகிற பையர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். கோவணத்துக்கு மேல் பெல்ட் எப்படிப் போட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் புளி கேட்டார். தேய்த்தார். பின்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

“எங்க தோண்டுனீங்க தம்பி?”

“பழைய கெணத்து மேலதானுங்க. கான்கிரீட் போட்டாச்சு.”

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “இது தளபதிதும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அடிச்சது. அச்சுல கீறல் உழுந்துருச்சு. ஒரு பிடி அடிக்கறதுக்குள்ள ஒடஞ்சே போச்சு. ஆர்டருக்கு ஆகாதுன்னு பழகினவீங்க நாலஞ்சு பேருக்குக் குடுத்தேன். உங்க சித்தப்பா ஒண்ணு வாங்கி, அங்கயே மாட்டிக்கிட்டுப் போனாப்ல.”

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர் சித்தப்பா. பம்பாய்க்குப் போய்விட்டார் என்றுதான் ஊரே பேசியது. அது சுற்றுச்சுவர் இல்லாத வறண்ட கிணறு. இரண்டு மாதம் கழித்து அப்பா அதை மண் கொட்டி மூடினார். மூடும் முன் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சின்னம்மா அன்றுவரை பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் அவரைச் சீருக்குக் கூப்பிடவும் தயங்குவார்கள், ஒதுக்கவும் தயங்குவார்கள். தீபாவளிக்குத் தீபாவளி புருஷனுக்கு ஒரு பனியன் எடுத்து வைப்பார். எண்பத்தைந்து சைசில் தொடங்கியவர், “இந்நேரம் தொப்பை போட்டிருக்குங் கண்ணு” என்று தொண்ணூற்றைந்துக்கு வந்திருந்தார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும்தான்.

“தோண்டிப் பாத்தர்லாமாங்ணா?”

“எதுக்கு? எலும்புக்குப் பேர் எழுதியிருக்குமா? போய்ச் சொல்லுங்க. காத்துக்கிட்டே ஒக்காந்திருக்கறது சாவ விடக் கொடுமைங்க.”

எனக்குத் தைரியமில்லை. வீட்டுப் பெண்களை மகளிர் அணி மாதிரி திரட்டி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அண்ணன் பக்கிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வரப்பில் நடந்து சின்னம்மா வீட்டுக்குப் போனார். தரையில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். சின்னம்மா பக்கிளை வாங்கி மடியில் வைத்து முந்தானையால் துடைத்தார். பிறகு கேட்டார்: “அப்ப அவுரு என்னய உட்டுட்டுப் போகலீங்களா?”

“போகலீங்க தாயி. இங்கயேதான் இருந்திருக்காரு.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். கருமாதி நடந்தது. தாலி இறங்கியது, வெள்ளைச் சேலை வந்தது. எடுத்துவைத்த பனியன்களையெல்லாம் ஷெட்டில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். “இப்பத்தான் சாமி தூக்கம் வருது” என்றார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நடையைத்தான். சாவைச் சொல்ல வேண்டிய வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் தானே போவது. எனக்கு அது வருமா தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அண்ணன் கருமாதி முடிந்ததும் மகன் பட்டறையைத் திறந்து காட்டினான். மேசைமேல் புதிதாக அடித்த பக்கிள்கள் குவிந்திருந்தன. ஒன்றைத் திருப்பினேன். பின்னால் அதே மயிரிழைக் கோடு.

“இந்த அச்சு அப்பவே ஒடஞ்சு போச்சுன்னாரே?”

“இல்லீங்ணா. சந்தைக்குப் போற சரக்கெல்லாம் கீறல் உழுந்த அன்னையிலருந்து இதுலதானுங்க அடிக்கறோம். ஊர்ல பாதிப்பேர் இடுப்புல இதுதானுங்க.”