கணக்கில் சேராத பிரசவம்

போர் முடிந்தும் ரேஷன் முடியாத, நாற்பதுகளின் பிற்பகுதி. அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நானும் இன்னொருத்தியும் மருத்துவச்சிப் பயிற்சியில் இருந்தோம். விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிரசவ வீட்டில் சாப்பிடக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். பின்னாளில் அதை வைத்தே பிழைத்தேன்.

அவற்றில் ஒன்று, இத்தனை பிரசவங்களை நம் கையாலேயே பார்த்து முடித்தால்தான் சர்ட்டிபிகேட் என்பது. நான் முடித்துவிட்டேன். என் தோழிக்கு ஒன்று பாக்கி. அந்த மாதத்துக்குள் முடித்தால் அரும்பாவூரில் வேலை காத்திருந்தது. இல்லையென்றால் அண்ணன் வீடுதான். புருஷனை இழந்தபின் அங்கே இருந்து பார்த்தவள். அண்ணி சோறு போடும் சத்தத்திலேயே வயிறு நிரம்பிவிடும் என்பாள்.

கடைசிக் கட்டத்தில் எங்களை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புவார்கள். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். ஏற்கெனவே பிள்ளை பெற்ற மருமகள், அதனால் சுலபமாக முடியும் என்றுதான் போனோம். வாசலில் பருத்தி ஏற்றிய வண்டி நின்றது.

என் தோழி கைகழுவிவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தது.

உள்ளூர் மருத்துவச்சி அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "இதுக்கா இந்த முழி முழிக்கிறீங்க? எண்ணெயத் தொட்டு ரெண்டு உருவு உருவுனா நேரா வந்துடும்."

நான் தோழியின் காதோடு சொன்னேன். "அனுப்பினா கணக்குல சேராதுடி."

"தெரியும்" என்றாள். நேராக வாசலுக்குப் போய் மாமனாரிடம், "வண்டியக் கட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள்.

"நல்லாருக்கே! புள்ள பாக்க வந்தவளுவ புள்ளத்தாச்சிய ஊர்வலம் விடச் சொல்றாளுவ. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன்."

"தெரியலன்னே வச்சுக்குங்க. வண்டியக் கட்டுங்க."

எதிர்த்துப் பேசாமலே ஒருவர் வாயை அடைக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் அடுத்த தடையை எடுத்தார். "பருத்தி ஏத்திக் கெடக்கு. ரத்தம் பட்டா எவன் வாங்குவான்?"

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "ஒங்க பருத்தியத் தூக்கி அடுப்புல வைங்க. எம் மருமவ போயிட்டா இருக்கற புள்ளைங்கள உங்க பருத்தியா வளக்கும்?"

பாதிப் பருத்தியை இறக்கிவிட்டு, மீதியின் மேல் மருமகளைப் படுக்க வைத்தோம். மருத்துவச்சி அம்மாளும் ஏறிக்கொண்டாள். "இதுங்கள நம்பி எப்படி உடுறது?" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். மாமனார் வண்டியில் உட்காரவில்லை. பள்ளம் பார்த்து மாட்டைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக நடந்தே வந்தார். என் தோழி, "முக்காதம்மா, முக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "எண்ணெய் போட்டு உருவினீங்களா?"

"இல்லீங்க."

"நல்லவேளை. உருவியிருந்தா கர்ப்பப்பை கிழிஞ்சிருக்கும்" என்று உள்ளே போனார். குளோரோபார்ம் கொடுத்துக் குழந்தையைத் திருப்பி எடுத்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் மாமனார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். என் தோழி சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிரசவம் டாக்டர் கணக்கில் சேர்ந்தது. விதி அப்படி. பிள்ளையை எடுத்த கைக்குத்தான் மதிப்பு, எடுக்காமல் நிறுத்திக்கொண்ட கைக்குக் கிடையாது. அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த தடவைதான் தேறினாள். அரும்பாவூர் வேலை யாருக்குப் போயிற்று என்கிறீர்களா? எனக்குத்தான்.

நான் புறப்பட்ட அன்று பஸ்ஸுக்கு வந்தவள், வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "அங்க ஏதாச்சும் குறுக்க கெடந்தா பெரம்பலூருக்கு அனுப்பு. அரியலூர் தூரம்" என்று சொல்லிச் சிரித்தாள். உரக்கத்தான்.

பின்னாளில் நான் தேர்வாளராக உட்கார்ந்தபோது, எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேட்பதற்கு அச்சடித்த படிவம் இருந்தது. எதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாய் என்பதை நான் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டேன். விதிப்படி அது கேள்வியே அல்ல. ஆனால் விதிப்படியே நடந்த என் உத்தியோகம் முழுவதும், கணக்கில் சேராத அந்த ஒரு பிரசவத்தின் மேல்தான் நின்றது.