கைதட்டக் கூடாத அறை

காலை 6.20. சிதம்பரத்தில் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, சுற்றாத மின்விசிறி. ட்யூப் லைட்டும் அணைந்திருந்தது. மேசைமேல் மயக்க மருந்தில் ஒரு வெள்ளை எலி, அதற்கடியில் இளஞ்சூடான விரிப்பு.

"போன வெளிய வச்சுட்டு வாங்க மாமா. இல்லன்னா ஸ்கிரீன்ல கோடு கோடா வுழும்" என்றாள் மனைவியின் தங்கை. அவளோடு வேலை செய்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். நேரம் குறிக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரவழைத்திருந்தாள். நான் கோர்ட் செய்தி எழுதுகிறவன். நேரம் குறிப்பது பழக்கம்.

எலியின் மூளைக்குள் ஒரு கார்பன் இழை இறங்கியிருந்தது. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம். நரம்பைத் தூண்டினால் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கும். அது இழையில் பட்டதும் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அளக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஓர் அளவாவது கிடைக்காவிட்டால் அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே போய்விடும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். இருந்தது இந்த ஓர் எலிதான்.

6.41. நரம்பைத் தூண்டும் பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் திரையில் பச்சையாய் ஒரு திட்டு எழுந்து, சில நொடிகளில் கரைந்தது. மறுபடி அழுத்தினாள். அதே இடத்தில் அதே திட்டு. ஓர் உயிருள்ள மூளை அந்த நொடியில் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகள் தாமாக எழுந்தன.

"தட்டாதீங்க மாமா! போன தடவ சிக்னல் வந்துச்சுன்னு பக்கத்து டேபிள்காரி ஓடியாந்து கட்டிப் புடிச்சா. இழை பட்டுனு போச்சு."

"எவ்ளோ வந்துச்சு?"

"நிருபர் வேலைய ஆரம்பிச்சிட்டீங்களா? இத உடையாம வெளிய எடுத்து, அளவு தெரிஞ்ச டோபமின் தண்ணில வச்சுப் பாத்தாதான் எத்தன மைக்ரோமோலார்னு சொல்ல முடியும். அது வரிக்கும் சிரிக்கக்கூட கூடாது."

திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி இழையை மேலே எடுத்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது, துடைக்கவில்லை.

"மூச்சு வுடுங்க மாமா. உங்களுக்கும் மயக்க ஊசி போட வச்சுடாதீங்க" என்றாள், கண்ணை எடுக்காமல். எனக்குச் சிரிப்பு முட்டியது. வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மூன்று சின்னக் கிண்ணங்களில் டோபமின் தண்ணீர். முதல் கிண்ணத்தில் இழை இறங்கியது. திரையில் அதே பச்சை. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். கணக்குப் போட்டாள். நோட்டை என்னிடமிருந்து பிடுங்கி அவளே எழுதினாள்.

7.12. அரை மைக்ரோமோலார்.