நொதி ஓடாத மூன்று வாரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

புனேயில் ஓர் ஆய்வகத்தில் பாக்டீரியாவின் நொதி ஒன்றை ஆராய்ந்துவந்தேன். டி.என்.ஏ.வின் முறுக்கிய இரண்டு இழைகளைப் பிரித்துக்கொண்டே போவது அதன் வேலை. என்னிடம் வந்ததும் அது பிரிக்கவே இல்லை. மூன்று வாரமாக, பிரிந்ததா என்று ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் இழைகள் ஜோடி ஜோடியாகவே நின்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் குடுவை சரியில்லை என்றேன்.

குடுவைகளைக் கழுவியவர் கசார்வாடியிலிருந்து பஸ்ஸில் வரும் மராத்திப் பெண்மணி. எங்கள் எல்லோருக்கும் அவர் 'தாயி', அதாவது அக்கா. சோப்பைச் சரியாக அலசாமல் என் நொதியைக் கொல்கிறார் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"மீ நீட் துத்லம், மேடம்."

நன்றாகத்தான் கழுவினேன் என்றார், அவ்வளவுதான். ஒரு குடுவையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்த வாரமே அவரை எலிக்கூண்டு கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கியது நான்தான்.

ஆறு மாதம் கழித்துத் துணைப் புரதம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். தாயி கழுவிய குடுவைகளில் தயாரித்து ஃப்ரீசரில் வைத்திருந்த அதே நொதி, மளமளவென்று இழைகளைப் பிரித்தது. அது சாகவே இல்லை. அதன் உடம்பிலேயே ஒரு பகுதி மடங்கி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. துணை வந்து ஒட்டினால்தான் அந்தப் பிடி விலகும். கண்ட இடத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்தால் செல்லுக்கே ஆபத்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு. எல்லோரும் கைகொடுத்தார்கள். தாயியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

புனேயின் வாகட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்துரு" என்றார்.

போவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அவ்வளவு வெட்கம். எலிக்கூண்டுகளுக்கு நடுவே நின்று, குடுவைகள் சுத்தமாகத்தான் இருந்தன, தப்பு என்மேல்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. தாயி கையுறையைக் கழற்றிவிட்டு இந்தியிலேயே பதில் சொன்னார்.

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் மேடம். இப்பல்லாம் வீட்டுல டிபன் டப்பாவக்கூட மூணு தடவ அலசறேன். மருமக சிரிக்கிறா."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப நான் நல்லாத்தான் கழுவினேனா?"

ஆமாம் தாயி என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்.