ஜெசிந்தாவின் இஃப்

போன வியாழக்கிழமை காலை நம் பனியன் கம்பெனியின் நல்லூர் அலுவலகத்தில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். ‘இஃப் யூ’ என்று தட்டிய நேரத்தில் போன் வந்தது. மாதிரி உடை தைக்கும் எங்கள் சாம்பிள் பிரிவு ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். அவளாவது, போவதாவது! அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் குரல் மறக்காது. இருபது மெஷின் ஓடினாலும் அவள் சிரிப்புத்தான் முதலில் கேட்கும். நாங்கள் இருவரும் ஒரே நாளில் செக்கிங் மேசையில் சேர்ந்தவர்கள். சில வருடங்களில் அவள் சாம்பிளுக்குப் போனாள். என்னை வெளிநாட்டு பையர்களிடம் பேசும் வேலைக்கு மாற்றினார்கள். இத்தனைக்கும் அவளுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வரும், எனக்கு அதைக் கண்டாலே உதறும்.

நம் ஊர் வாய்க்கு ‘முடியாது’ என்று சொல்ல வருமா? யார் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டுங்க’தான். அதையே நான் ‘யெஸ், யெஸ்’ ஆக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை சரக்கை அனுப்புவீர்களா? யெஸ். வீரபாண்டி சாயப்பட்டறைக்குத் துணியே போயிருக்காது! இரண்டு முறை மாட்டிக்கொண்டதும் முதலாளி கூப்பிட்டார்.

“இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா செக்கிங்குக்கே போயிருங்க அம்மிணி.”

அழுதுகொண்டே ஜெசிந்தாவிடம் போனேன். அவள் கட்டிங் மேசையில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் இஃப், அந்தப் பக்கம் வில்.

“ஏம்புள்ள, அவங்க என்ன செய்யோணுமோ அத இஃப் போட்டு மொதல்ல சொல்லு. அப்பறம் வில் போட்டு நாம செய்யறதச் சொல்லு. இஃப் பக்கம் வில் வரவே கூடாது. காஜா ஓட்டை எடுக்கற எடத்துலயே பட்டனையும் தைப்பியா?”

அன்றிலிருந்து மதியச் சாப்பாடே பாடம்தான். ‘இஃப் யூ கிவ் மீ எக், ஐ வில் கிவ் யூ பிக்கிள்.’ நான் சரியாகச் சொன்னால்தான் அவள் டப்பாவிலிருந்து முட்டை. எத்தனை நாள் வெறும் சோறு தின்றேன் என்று கேட்காதீர்கள்!

அடுத்த வீடியோ காலில் பையர் அதே கேள்வியைக் கேட்டார். வெள்ளிக்கிழமை அனுப்ப முடியுமா? பக்கத்தில் முதலாளி தலையாட்டத் தொடங்கிவிட்டார். கேமராவுக்குப் பின்னால் ஜெசிந்தா ஒரு சட்டையின் காஜாவையும் பட்டனையும் தூக்கிக் காட்டினாள். ஒரே மூச்சில் சொன்னேன்.

“இஃப் யூ அப்ரூவ் த கலர் டுடே, வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே.”

பையருக்கே கண்டிஷனா! முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.  பையர் சிரித்துவிட்டு, “ஓகே, அப்ரூவ்ட்” என்றார். ஜெசிந்தா போட்ட கூச்சல் மைக்கில் அவருக்கும் கேட்டிருக்கும்.

“பரவால்லியே! அந்த சீட்டுலயே உக்காருங்க அம்மிணி” என்றார் முதலாளி.

இன்றுவரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஒரு செய்தி அனுப்பினாள். ‘இஃப் ஐ கம் ஹோம், வீ வில் ஈட் பிரியாணி.’ நான் அவசரமாக ‘யெஸ், யெஸ்’ என்று பதில் போட்டேன். உடனே திட்டு வந்தது: ‘இஃப் இருக்குதல்ல புள்ள, அத மொதல்ல படி.’

அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாதியில் விட்ட ‘இஃப் யூ’ அப்படியே இருந்தது. அவள் எனக்கு விட்டுப்போனது அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை அடித்தேன், ‘வில்’லை அதன் இடத்தில் வைத்து.