சனிக்கிழமை அப்பாவின் கதவில்லாத ஃபிரிட்ஜ்

அந்தத் தெருவில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கம்ப்ரஸர் என்று பெயர். வேலை செய்யும்போது வாயை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் மோட்டார் மாதிரி ஓயாமல் முனகிக்கொண்டிருப்பார். அதனால் வந்த பட்டம். ஆள் தங்கம். ஆனால் அவர் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கூடத்தில் இரண்டு மோட்டார், சோபாவில் செம்புக் குழாய்ச் சுருள், சாப்பாட்டு மேசையில் திருப்புளி வரிசை. மனைவி ஒன்பது வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிரிந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. மற்றது அவர்கள் சொந்த விஷயம், நமக்கெதற்கு.

எட்டு வயது மகளைக் கோர்ட்டு பங்கு போட்டுக் கொடுத்தது. வாரமெல்லாம் அம்மாவிடம்; சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அப்பாவிடம். ஒரு ஃபிரிட்ஜைப் பிரித்துப் பூட்டவே கம்ப்ரஸருக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். பெண்ணை வளர்க்க அது எந்த மூலைக்கு? சனி ராத்திரியும் தங்கட்டும், ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுகிறேன் என்று மனு போட்டார். கோர்ட்டிலிருந்து ஓர் ஆலோசகர் வீட்டைப் பார்த்து அறிக்கை தருவார், குழந்தையின் அம்மாவும் தன் கருத்தை எழுதித் தரலாம் என்றார் நீதிபதி.

கம்ப்ரஸர் அதைக் கேட்டதுமே முடிவு கட்டிவிட்டார். அவள் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியாதா? அந்த வீட்டைக் குப்பைமேடு என்று அவள் சொல்லாத நாள் உண்டா?

மூன்று நாள் கடையை மூடிவிட்டு வீட்டைச் சுத்தம் செய்தார். மோட்டார், குழாய், திருப்புளி எல்லாம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கடைக்கு இறங்கின. மகளின் அறை மூலையில் நின்ற கதவில்லாத பழைய ஃபிரிட்ஜையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு புது மேசை நாற்காலி. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். வாசலிலேயே நின்று நாலாபக்கமும் பார்த்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு எப்ப போறோம்?"

"இதுதாம்மா நம்ம வீடு."

அவள் நம்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புது நாற்காலியின் நுனியில் விருந்தாளி போல உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குக் கோர்ட்டு ஆலோசகர் வந்தார், ஒரு பெண்மணி. ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார், குளியலறைத் தாழ்ப்பாளைச் சோதித்தார். சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். கடைசியில் கோப்பைத் திறந்து எதையோ படித்துவிட்டுக் கேட்டார்.

"இங்க குழந்தையோட இடம் எது?"

கம்ப்ரஸர் மேசையைக் காட்டினார். ஆலோசகர் இழுப்பறையை இழுத்தார். காலி.

"அது என்னோடது இல்ல," என்றாள் மகள். "என்னோடத காணோம். அப்பாகிட்ட கேளுங்க."

சொந்த மகளே காட்டிக்கொடுத்துவிட்டாள். கம்ப்ரஸர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கீழ... கடையில இருக்கு மேடம். பாத்தா சிரிப்பீங்க."

மூவரும் இறங்கினார்கள். குழாய்ச் சுருள்களுக்கு நடுவே அந்த ஃபிரிட்ஜ் நின்றது. தட்டுகளில் பாடப்புத்தகங்கள். முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாகப் பத்து அழிரப்பர்கள். காய்கறிப் பெட்டியில் காலுறை. பேய்க்கதைப் புத்தகங்கள் மட்டும் ஃப்ரீஸரில். அங்கே அடைத்து வைத்தால் பேய் உறைந்து போகுமாம். படிப்பதற்காக உள்விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வைத்திருந்தார் கம்ப்ரஸர். குளிர் கூட்டும் குமிழில் மகள் தன் கோபத்தின் அளவை வைப்பது வழக்கம். நேராகப் போய் அதை ஏழுக்குத் திருப்பினாள். அதற்கு மேல் எண் கிடையாது.

"கதவு எங்க?" என்றார் ஆலோசகர்.

"குழந்தை இருக்கிற எடத்துல ஃபிரிட்ஜுக்குக் கதவு வைக்கவே மாட்டேன் மேடம். வெளையாட்டா உள்ள போய் மாட்டிக்கிட்டா?"

ஆலோசகர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இவங்க அம்மா எழுதினது. கேட்டுக்கங்க. 'வீடு அலங்கோலமாகத்தான் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். மகளுக்கென்று ஒரு மூலையை அவர் தன் கையால் செய்து வைத்திருப்பார். அதை மட்டும் பாருங்கள்.' நான் வந்ததே இதப் பாக்கத்தான். நீங்க பத்திரமா ஒளிச்சு வச்சிருக்கீங்க."

கம்ப்ரஸருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. மூன்று நாளாக அவர் மனசுக்குள் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாரோ அவள் அங்கே அவர் பக்கம் நின்றிருக்கிறாள்.

அன்றைக்கே நாலு பேரைப் பிடித்து ஃபிரிட்ஜை மேலே ஏற்றினார். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது: சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை. அன்று மாலை மகளின் அம்மா போன் செய்தாள்.

"வீட்ட சுத்தம் பண்ணீங்களாமே. பாப்பா சொன்னா."

"பண்ணேன்."

"ஒம்பது வருஷமா கேட்டேன்."

அவள்தான் முதலில் சிரித்தாள், அவரும் சிரித்துவிட்டார்.

"நீ எழுதினத படிச்சுக் காட்டினாங்க," என்றார்.

"சரி, சரி," என்று அவள் பேச்சை மாற்றினாள். "சனிக்கிழம, ராத்திரிக்குப் போட்டுக்க ரெண்டு செட் துணி குடுத்தனுப்பறேன். ஒண்ணு அங்கயே இருக்கட்டும்."