சிவப்பு போன வரிகள்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் புரோகிராமராக இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரு ஐ.டி. மேலாளர் வாய்த்தார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையையும் பச்சை எழுத்தையும் பார்த்தாலே முகம் சுளிப்பார். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நெல் வரவுப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்த்தார். லாரி வாரியாக வந்த நெல் அவர் திரையில் வரிசையாகத் தெரியும். ஈரம் கூடுதலான லாரியின் வரி சிவப்பாக இருக்கும். சிவப்பு என்றால் உலர்த்தும் இடத்துக்கு, இல்லாவிட்டால் நேரே கிடங்குக்கு என்று அவர் சீட்டு போடுவார்.

சிவப்பு வரியில் லாரி எண்ணைத் திருத்தி என்டர் தட்டினால் சிவப்பு போய்விடுகிறது என்று அவர் மேலாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். குறுவை அறுவடை நேரத்தில் ஈர நெல் கிடங்குக்குப் போய்ச் சூடேறி நாறியது. மேலாளர் நெல் வரவுப் பிரிவில் கூட்டம் போட்டார். கலர் தானாகப் போகாது என்பது அவர் கண்டுபிடிப்பு. எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க கண்ணுலதாம்மா கோளாறு. போய் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்றார்.

அவர் மயிலாடுதுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் கவனக் குறைவு என்றார் மேலாளர். புதிதாக ஒரு பெரிய மானிட்டரும் வாங்கி வைத்தார். அதில் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது, இன்னும் பளிச்சென்று காணாமல் போனது.

அதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. புரோகிராமரிடம் கேட்பது மேலாளருக்குக் கௌரவக் குறைச்சல். அந்தப் பெண்ணே ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, என் கண்ணெதிரில் செய்து காட்டினார். புரோகிராமைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் அதை எழுதியவர்கள், வரிகளை முதலில் நிரப்பும்போது மட்டும் ஈரத்தைப் பார்த்துச் சிவப்பு போட்டிருந்தார்கள். திருத்திய வரியைத் திரும்ப எழுதும்போது, இது சிவப்பு என்று சொல்ல ஆளில்லை, வரி சாதாரணமாகிவிடும். ஒவ்வொரு வரிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடம் ஒதுக்கி, அந்த வரியின் நிறத்தை அதிலேயே வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை முறை திருத்தினாலும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. ஒரு மதியம்கூட ஆகவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேலாளர் அதைத் திரை மேம்பாட்டுத் திட்டம் என்று முதலாளியிடம் சொன்னார். தன் வழிகாட்டுதலில் நடந்ததாம். வெளியே வந்ததும், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். அது சிஸ்டத்தின் தப்பு, யார் மேலேயும் தப்பில்லை என்றார். கண் டெஸ்டுக்கு மட்டும் சிஸ்டத்தை அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நான் சொன்னப்பவும் அதே கலருதான் சார் போச்சு. நீங்க சொன்னதும் நம்புறாங்க. இனிமே இங்க நான் எதைச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

சம்பா அறுவடைக்கு முன்பே அவர் சீர்காழியில் வேறொரு ஆலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை சீட்டு போடும் வேலை மேலாளர் தலையில் விழுந்தது. வெளியே லாரிகள் சாலை வரை நின்றன. எந்தப் பட்டனை அமுக்கினால் அடுத்த பக்கம் வரும் என்று தெரியாமல் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.