ஒரு சாண் தள்ளி

மூன்றாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வருடம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைகள்கூட எழுத்தைத் தொட்டு நகர்த்திப் படித்துவிடுவார்கள் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். எனக்கோ அதை அணைக்கவே பயம்.

மீனவர் ஊரான குருசுக்குப்பத்திலிருந்து வகுப்புக்கு வந்த ஒரு சிறுமிக்காகத்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் கதை கொட்டும். புத்தகத்தைத் திறந்தால் ஊமையாகிவிடுவாள். பூஜை விடுமுறை முடிந்ததும் அம்மா முன்னால் வாசித்துக் காட்டாவிட்டால் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்குப் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரிகடலைத் தட்டுக்கு இடம் போதாமல் புரொஜெக்டர் மேசையை நகர்த்தினோம். பிறகு குத்துமதிப்பாகப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டோம்.

விடுமுறை முடிந்து அவள் அம்மா வந்தாள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போர்டில் 'ப'வைத் தொட்டால், ஒரு சாண் தள்ளி 'கு' நகர்கிறது. துடைத்தேன், அணைத்துப் போட்டேன். சாமி குத்தமோ என்றுகூடத் தோன்றியது. பிள்ளைகளும் தொட்டுப் பார்த்துச் சலித்து உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சிறுமி எழுந்து வந்தாள். எழுத்தை விட்டு ஒரு சாண் இந்தப் பக்கம் தொட்டாள். 'ப' நகர்ந்தது. பிறகு 'ட', 'கு'. "படகு" என்றாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா வருது?"

"புக்குல எனக்கு எப்பவுமே இப்படித்தான் மிஸ். ஒண்ணப் பாத்தா பக்கத்துல இருக்கறது வந்து நிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அம்மா எழுந்துவிட்டாள். "அப்ப இவ வேணும்னு பண்ணலியா மிஸ்? நான் அதுக்குத்தான அடிச்சேன்."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை உள்ளே வந்தார். "பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அதற்குள் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தார். மேசை அசைந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். போர்டில் தெரிந்த கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். எல்லாம் சரியாகிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"அந்த அண்ணன் போறதுக்குள்ள இதையும் சரி பண்ணச் சொல்லுங்க மிஸ்."